துண்டுக்குள் நடந்த பேரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் எனக்கு முந்தியே சொல்லி வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட என்னைத்தான், சண்டையில் அப்பாவை இழந்த குழந்தைகளையும், அடிபட்டுத் திரும்பியவர்களின் குழந்தைகளையும் பகல் பொழுதில் அன்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிருஷ்ணகிரியில் வேலைக்கு வைத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசி அது. பாகிஸ்தான் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. போனவர்களில் சிலர் வரவில்லை, சிலர் முழுசாக வரவில்லை. அம்மாக்கள் மாந்தோப்புக்கும் மண்டிக்கும் கூலிக்குப் போக, குழந்தைகள் தெருவில் புழுதியில் கிடந்தன. ஊர்ப் பெண்மணிகள் சிலர் சேர்ந்து, வீடு வீடாக அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கி ஒரு பகல் காப்பகம் தொடங்கினார்கள். வாசலில் நீளமாகப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊர் முழுக்க "மிலிட்டரி பள்ளிக்கூடம்" என்றுதான் பேச்சு.

வேலைக்கு முன்னால் சேலத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் மிகவும் மென்மையான குரலில் பாடம் நடத்துவார். "யுத்தத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக அருகில் போய், அவர்களைப் பேச வைக்க வேண்டும்" என்பார். நான் கண்ணில் நீர் முட்டக் கேட்டுக்கொண்டு வந்தேன். முதல் நாள் மத்தியானத்துக்குள் மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது நான்தான்.

அந்தப் பிள்ளைகள் விளையாடிய ஒரே விளையாட்டு சண்டை. அதில் ஒரு சிக்கல். பாகிஸ்தானாக இருக்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. எல்லோரும் இந்தியா. எதிரி இல்லாமல் எப்படிச் சுடுவது? கடைசியில் சமையல் செய்த ஆயாவைப் பாகிஸ்தானாக்கி, உப்புமாச் சட்டியைக் கைப்பற்றினார்கள். ஆயா தளிப் பக்கத்துக்காரி, வீட்டில் கன்னடம் பேசுகிறவள். கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "நானு யாக்கே பாகிஸ்தானு? நானு தளி!" என்று, தான் ஏன் பாகிஸ்தானாக வேண்டும் என்று கேட்டுக் கத்தியது தெரு வரைக்கும் கேட்டது.

காப்பகம் நடந்த இடம் ஒரு மாங்காய் மண்டி. சொந்தக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். தாடியும் வெள்ளைச் சட்டையுமாக, அதிராத குரல் உள்ள மனுஷர். வருஷத்தில் முக்கால்வாசி காலம் காலியாகக் கிடக்கும் பின்கட்டைக் குழந்தைகளுக்கு வாடகை இல்லாமல் விட்டிருந்தார். மாம்பழக் காலம் வந்தால் பாதி இடம் மாங்காய்க்கு, பாதி இடம் பிள்ளைகளுக்கு என்பதுதான் ஒரே நிபந்தனை. நான் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

சித்திரை வந்தது. செந்தூராவும் பெங்களூராவும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. கூடவே வியாபாரிகளும் தரகர்களும் வந்தார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான். பிள்ளைகள் 'அம்மா இங்கே வா' பாட்டை விட்டுவிட்டுத் தட்டியில் ஓட்டை போட்டுப் பார்க்க ஆரம்பித்தன.

அங்கே நடந்தது பார்க்க வேண்டிய காட்சிதான். விற்கிறவரும் தரகரும் எதிரெதிரே நின்று வலது கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடுவார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு, அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தால் அஞ்சு. பேரம் உள்ளேயே நடக்கும். முகம் மட்டும் ஏறும், இறங்கும். பிறகு தரகர் வாங்குகிறவரிடம் போய் அதே மாதிரி கை போடுவார். படிந்துவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள்.

"வாயில சொன்னா பத்துப் பேரு காதுல உழும் டீச்சரம்மா" என்று பாய் எனக்கு விளக்கினார். "கை சொன்னது கைக்குத்தான் தெரியும். முடிஞ்ச வெலையைச் சொல்லலாம். உள்ள என்னா நடந்துச்சுன்னு வெளிய சொன்னான்னா, அப்புறம் அவங்கிட்ட எவனும் கை குடுக்க மாட்டான்."

கொஞ்ச நாளில் காப்பகத்தில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சத்தம் நின்றுவிட்டது. உப்புமா நேரத்தில் அடிதடி இல்லை. ஊஞ்சலுக்கு மயிர்ப்பிடிச் சண்டை இல்லை. பார்வையிட வந்த பெண்மணிகளிடம், "அன்பு காட்டினால் மாறிவிடுகிறார்கள்" என்று அடக்கத்தோடு சொல்லிக்கொண்டேன். அவர்கள் எனக்கு ஒரு பூச்செண்டு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளாவது, அமைதியாவது? ஒரு நாள் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இரண்டு பயல்கள் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். நடுவில் ஆயாவின் கைப்பிடித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து வயது நிரம்பாத ஒரு பெண். ஒருத்தனிடம் போய்த் துணிக்குள் கை போடுகிறாள், உதட்டைப் பிதுக்குகிறாள், அடுத்தவனிடம் போகிறாள். பால்பவுடர் பால் யாருக்கும் பிடிக்காது. ஒருத்தன் பாலை அடுத்தவன் குடிக்க வேண்டுமானால் எத்தனை முறை ஊஞ்சல் விட்டுக்கொடுப்பது என்று பேரம். படிந்ததும் இரண்டு பேர் உப்புமாவிலிருந்தும் ஒவ்வொரு வாய் தரகு எடுத்துக்கொண்டாள். என் காப்பகத்தில் அவள் ஒருத்தி மட்டும் ஏன் கொழுகொழுவென்று ஆகிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் துணியைப் பிடுங்கி அலமாரியில் போட்டுப் பூட்டினேன். அரை மணி நேரத்தில் பழைய கூச்சல். ஒருத்தன் மூக்கில் ரத்தம். ஆயா வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "கொடு டீச்சர், நின் புண்ணியா, அந்தத் துணியைக் கொட்பிடு" என்று இரண்டு பாஷையிலும் கெஞ்சினாள். கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

அந்தத் தரகுக்காரியை எல்லோரும் பாப்பா என்று கூப்பிடுவோம். யாருக்கும் பயப்படாதவள். மண்டிக்கு வரும் லாரி டிரைவரை, "வண்டியைத் தள்ளி நிறுத்து" என்று அதட்டுவாள். ஒரே ஓர் ஆளைப் பார்த்துத்தான் அலறுவாள். அது அவளைப் பெற்ற அப்பா.

இதை அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்து மண்டியில் வைக்கோல் போட்டுக் கூடை கட்டும் வேலை அந்தம்மாவுக்கு. ஒரு நாள் மகளை விட வந்தவள் போகாமல் நின்றாள்.

"பாப்பா கைக்கொழந்தையா இருக்கறப்ப போனவருங்க. சண்டையில குண்டு வெடிச்சு, சோத்தாங்கையில நடுவுல மூணு வெரலு போயிருச்சு. கட்டைவெரலும் சுண்டுவெரலுந்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறமும் லீவு கெடைக்கலைன்னே எழுதிட்டு இருந்தாரு. கையைக் காட்ட வெக்கம். இப்பதான் பட்டாளத்தை வுட்டே அனுப்பி வச்சுட்டாங்க, வந்துட்டாரு."

"சரி, வந்துட்டாரில்ல? அப்புறம் என்ன?"

"பாப்பா கிட்ட வர மாட்டேங்குதுங்க. அந்தக் கையைப் பாத்தா அலறுது. சொவத்துல மாட்டியிருக்கற போட்டோதான் அப்பான்னு சொல்லுது. 'எங்கப்பா வந்தா உன்னையச் சுட்டுருவாரு, நீ போயிரு'ன்னு அவருகிட்டயே சொல்லுது."

நான் சிரித்துவிட்டேன். அந்தம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். பெங்களூரில் ஊனப்பட்ட பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு விடுதி இருக்கிறதாம். அங்கே தங்கி ஏதாவது தொழில் கற்றுக்கொள்கிறேன் என்று கணவர் எழுதிப் போட்டுவிட்டாராம். இடம் கிடைத்தால் போய்விடுவார். "பெத்த புள்ளை என்னையப் பாத்து அலறுறதைக் கேட்டுட்டு ஊட்ல இருக்க முடியாதுங்கறாரு. போனா திரும்ப மாட்டாருங்க. நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும் டீச்சர்."

சேலத்து அம்மையார் சொன்ன வேலை கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டது. நான் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதலில், கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வரச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிந்தால்தானே பயம்? வந்தார். ஒல்லியாக, நெட்டையாக, கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். பாப்பா தூரத்திலிருந்து சுற்றிய துணியைப் பார்த்தாள். அதற்குள் தின்பண்டம் இருக்கிறது என்று முடிவு பண்ணிவிட்டாள். மெதுவாகக் கிட்டே வந்தாள். எனக்கு ஒரே பெருமை. வந்தவள் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு அவள் போட்ட அலறலில் மாங்காய்ப் பேரமே நின்றது.

அடுத்து, போட்டோவில் இருக்கிற மாதிரியே யூனிபாரம் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். சொன்ன என் புத்தியை எதால் அடிப்பது? வைகாசி வெயிலில் பூட்ஸும் தொப்பியுமாக வியர்த்து வழிய வந்து சேர்ந்தார். பிள்ளைகள் சொல்லாமலே வரிசையில் நின்று சல்யூட் அடித்தன. அப்பாவை இழந்த பையன் ஒருத்தன் கிட்டே போய், "எங்கப்பாவை அங்க பாத்தீங்களா?" என்று கேட்டான். அவர் அவன் உயரத்துக்குக் குனிந்து, "பாத்தேன் கண்ணு. எங்க எல்லாரையும் வுட அவருதான் தைரியசாலி" என்றார். அது பொய்யென்று எனக்குத் தெரியும், அவனுக்கு அது போதும் என்றும் தெரிந்தது. ஆயா அடுப்பங்கரைக்குப் போய் மூக்கைச் சிந்தினாள்.

பாப்பா கடைசியாக வந்தாள். மண்டியில் மாங்காயைப் புரட்டிப் பார்க்கிற தரகர் மாதிரி பூட்ஸிலிருந்து தொப்பி வரைக்கும் பார்த்தாள். எல்லாம் போட்டோவோடு ஒத்துப்போனது. பிறகு, "கையைக் காட்டு" என்றாள். அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். இடது கையைக் காட்டினார். "இன்னொண்ணு?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆயாவைப் பார்த்தேன். அவர் விறைப்பாகத் திரும்பி, பூட்ஸ் தடதடக்கப் போய்விட்டார்.

எனக்கு அவர் மேலும் கோபம், அவள் மேலும் கோபம். "சொந்த அப்பனைச் சரக்கு மாதிரி சோதிக்கிறியே, நீயெல்லாம் ஒரு கொழந்தையா?" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். "அந்தாளு எங்கப்பா இல்ல" என்று அவள் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு ஊஞ்சல் வியாபாரத்துக்குப் போய்விட்டாள்.

மாம்பழக் காலம் முடியும் தறுவாயில், நீலம் மட்டும் வந்துகொண்டிருந்த நேரத்தில், பெங்களூரில் இடம் கிடைத்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவரே காப்பகத்துக்கு வந்தார். இடது கையில் ஒரு பை நிறையக் கடலை உருண்டை. வலது கை வழக்கம் போல் முதுகுக்குப் பின்னால்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்குப் போறேங்க டீச்சர். கொழந்தைங்களுக்குக் குடுத்துருங்க."

கண்ணைப் பார்த்து அவர் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "நீங்களே குடுத்துட்டுப் போங்க. எனக்கு வேற வேலை இருக்குது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அவர் பையை நீட்டினார். பிள்ளைகள் சுற்றி நின்று வாயில் எச்சில் ஊறப் பார்த்தன. ஆனால் ஒருத்தனும் கை நீட்டவில்லை. மண்டிக்குள் வருகிற எதையும் துண்டு போடாமல் கைமாற்றக் கூடாது என்று அவர்களுக்குள் சட்டம். ஒரு பயல் கத்தினான்: "பாப்பா, ஓடியா! சரக்கு வந்துருக்குது!"

தூணுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் தெரிந்தது. பையைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். மறுபடி பையைப் பார்த்தாள். பயமும் தொழிலும் அந்த முகத்தில் மல்லுக்கட்டியதை நான் பார்த்தேன். கடைசியில், என்னிடம் சொன்னாள்:

"டீச்சர், அந்தாளைத் துண்டு போட்டுக்கச் சொல்லுங்க. பேரத்துக்கு வரேன்."

அவர் பட்டாளத்துக்குப் போவதற்கு முன் மாங்காய் வண்டி ஓட்டியவர், பேரம் தெரியும். மண்டி போட்டு உட்கார்ந்து, தோள் துண்டை எடுத்து இடது கை மேல் போட்டு நீட்டினார். பாப்பா உள்ளே கை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே எடுத்துவிட்டாள்.

"சீ! பீச்சாங்கையில யாராச்சும் யாவாரம் பண்ணுவாங்களா? சோத்தாங்கையைக் குடு!"

தட்டிக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்த தரகர்கள் நிறுத்திவிட்டார்கள். பாய் எழுந்து வந்து ஓரமாக நின்றார். எனக்கு ஓடிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. அவர் வெகுநேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை முதுகுப் பக்கத்திலிருந்து எடுத்து, துண்டுக்கு அடியில் வைத்தார்.

பாப்பா கையை உள்ளே விட்டாள். அலறலுக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அலறல் வரவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது. துண்டு அங்கும் இங்கும் அசைந்தது. உள்ளே எதையோ தேடுகிறாள். அவள் கண் அகலமாகி, அவர் முகத்தைப் பார்த்தது. கத்தலாமே! கத்தவில்லை. பேரத்தின் நடுவில் கத்தினால் தரகு போச்சு, தொழிலும் போச்சு. உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்: பத்தாது. அவரும் தலையை ஆட்டினார்: அவ்வளவுதான். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தன் இன்னொரு கையையும் துண்டுக்குள் விட்டாள். இப்படி ஒரு பேரத்தை நான் மண்டியில் பார்த்ததில்லை. அவர் தலை குனிந்துவிட்டது. தோள் மட்டும் குலுங்கியது.

பாப்பா துண்டை உருவி உதறினாள். "ஆளுக்கு அஞ்சு!" என்று அறிவித்தாள்.

பிள்ளைகள் ஆரவாரம் செய்தன. பையைக் கொட்டிப் பங்கு வைத்தால் ஆளுக்கு இரண்டுதான் தேறியது. பாப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மிச்சம் மூணு?"

"அவ்வளவுதாங்கண்ணு இருக்குது."

"அப்ப நாளைக்குக் கொண்டா."

"நாளைக்கு நான் ஊருல இருக்க மாட்டேனே."

"அதெல்லாம் தெரியாது. கை போட்டாச்சு" என்றாள். அவர் உதவி கேட்கிற மாதிரி பாயைப் பார்த்தார். பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "பாப்பா சொல்றது நெசந்தான் தம்பி. கை போட்டுட்டுச் சரக்கு குடுக்காம ஊரை வுட்டுப் போனா, மண்டிக்கே அசிங்கம்" என்றார்.

மறுநாள் முதல் பஸ் அவர் இல்லாமல்தான் போயிற்று. அவர் கடலை உருண்டைப் பையோடு காப்பகத்துக்கு வந்தார். கூடவே மனைவியும் வந்தாள். அவர் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருக்க, அந்தம்மா என்னைத் தள்ளிக்கொண்டு போய், ஆனாலும் குரலை அடக்க முடியாமல், சொன்னாள்.

"உள்ள நடந்ததை நேத்து வந்து எங்கிட்டச் சொல்லி அழுதாருங்க டீச்சர். இவளுக்கு அஞ்சு கேக்கணும். வெரலைத் தேடியிருக்குறா. ரெண்டுதான் கெடைச்சுது. இல்லாத எடத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்தாளாம். அப்புறம் இன்னொரு கையை வுட்டு, அவ மூணு வெரலை அந்தச் சந்துல வச்சு, எல்லாத்தையும் சேத்து அஞ்சாப் புடிச்சாளாங்க."

சேலத்தில் எந்தப் பாடத்திலும் இது இல்லை. நான் அழுதேன், மறைக்கவில்லை.

ஆனால் எங்களுக்குப் பின்னால் பாப்பா நின்றுகொண்டிருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. முகம் சிவந்து, கைப்பிடித் துணியைத் தரையில் வீசி அடித்துவிட்டு, நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"துண்டுக்குள்ள நடந்ததை வெளிய சொல்லுவாங்களா? உனக்கு யாவாரமே தெரியல. போ அப்பா! உங்கூட டூ!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கையிலிருந்த கடலை உருண்டை கீழே விழுந்து உருண்டது. எடுக்கவில்லை. "தப்புதாங்கண்ணு, இனிமே சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சிக்கொண்டே, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, மகள் பின்னால் ஓடினார்.